தகரப் பலகையின் மூன்றாவது வரி

நன்னிலத்துக்குக் கிழக்கே ஆற்றங்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு ஒரு புகைபோக்கி தெரியும். அந்த அரிசி மில் நான் கட்டியது. முன்னால் கிடக்கிற சிமெண்டுக் களமும் நான் போட்டதுதான். எவ்வளவு மழை பெய்தாலும் சொட்டுத் தண்ணீர் தேங்காது. அப்படி வாட்டம் பார்த்துப் போட்டேன், எந்த எஞ்சினீயரையும் கேட்கவில்லை. தம்பிகளைப் படிக்க வைத்தேன், தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்தேன். நான் பிறந்தது கடற்கரையில், மீன்பிடிக்கிற குடும்பத்தில். புயலில் அப்பாவின் படகு போன பிறகு கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு உள்நாட்டுக்கு வந்தவன். படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் வலை உலர்த்தப் போய்விடுவேன். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இவ்வளவையும் செய்தவனுக்கு ஒரு நாள் சாயங்காலம் நாக்கு ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டு வயதில் கடலில் கவிழ்ந்தபோதுகூட அப்படி ஆகவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கழக ஆட்சி வந்த புதிது. தை மாதம், அறுப்பு நேரம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் வட்டாரத்து விவசாயத் தொழிலாளர்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். வாய்க்கால் கரைகளில் போலீஸ். ஒரு ஊரில் வைக்கோல் போர் எரிந்தது என்பார்கள், அடுத்த நாள் இன்னொரு ஊரில் குடிசை எரிந்தது என்பார்கள். அந்த நாட்களில் எங்கள் ஜில்லாவில் தீ வைத்த கூரைக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு பேர் சேர்ந்து நின்று பேசினாலே சங்கக் கூட்டம் என்று அடி விழுந்த காலம் அது.

என் நிலைமையோ இரண்டும்கெட்டான். மிராசுதாரின் நெல் என் மில்லுக்கு வரும். தொழிலாளிகளின் பிள்ளைகள் என் கொட்டகைக்கு வருவார்கள். இரண்டு பக்கமும் என்னைப் பார்க்கிற பார்வையில் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும்.

அந்தக் கொட்டகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். களத்தின் ஓரத்தில் சாக்கு அடுக்குவதற்காக ஒரு கீற்றுக் கொட்டகை போட்டிருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. தவறிய பிள்ளைகளுக்கு அதில் ஒரு சார் வகுப்பு எடுத்தார். தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் சபைக் குடும்பம் அவருடையது. கல்யாணம் ஆகாதவர், கனத்த மூக்குக் கண்ணாடி போட்டிருப்பார், எறும்பைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். வந்த பிள்ளைகள் எல்லாரும் காலனியிலிருந்து வந்தவர்கள். எல்லாரும் இங்கிலீஷில்தான் தவறியிருந்தார்கள். இந்தி வேண்டாம் என்று நாடே தெருவில் நின்று இந்தி போய்விட்டது. இங்கிலீஷ் மட்டும் போகவில்லை, வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தது.

நான் எஞ்சின் பக்கம் நின்றபடியே பாடத்தைக் காதில் வாங்குவேன். சார் அந்த மாதம் முழுக்க ஒரே விஷயத்தைத்தான் தட்டித் தட்டிச் சொன்னார். பிஃபோர், ஆஃப்டர், வித்தவுட், பை என்று சின்னச் சின்னச் சொற்கள் இருக்கின்றனவாம். அவற்றில் ஒன்று முன்னால் வந்து நின்றால், பின்னால் வருகிற வேலைக்கு 'இங்' என்று ஒரு வால் முளைக்குமாம். எனக்கே புரிந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் புரியவில்லை. காரணம் அந்தப் புத்தகம். படுக்கப் போவதற்கு முன் பால் குடித்தான், பனியில் சறுக்கிய பின் தேநீர் அருந்தினான் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. பாலையே பார்க்காத பிள்ளைக்குப் பனியை எங்கே போய்க் காட்டுவது?

ஒரு நாள் நானே போய்ச் சொன்னேன்.

"சார், இந்தப் பாலையும் பனியையும் விட்டுடுங்க. என் எஞ்சின வச்சு எழுதுங்க. கெளப்பறதுக்கு முன்னாடி என்ன செய்யணும், நிறுத்தினப்புறம் என்ன செய்யணும், எது செய்யாம எதத் தொடக் கூடாது. நான் தமிழ்ல சொல்றேன், நீங்க அதுல வால ஒட்டுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நல்ல யோசனைங்க" என்றார். அன்றிலிருந்து எஞ்சின்தான் பாடம். ஒரு வாரத்தில் பிள்ளைகள் கோரஸாகப் பாட ஆரம்பித்தார்கள். இது என்னுடைய யோசனை என்பதை இந்த இடத்தில் ஒரு தரம் எழுதி வைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

வேலைநிறுத்தத்தால் பிள்ளைகளுக்கு வயல் வேலை இல்லை. அதனால் ராத்திரி நடந்த வகுப்பு பகலுக்கு வந்திருந்தது. நான் சொல்கிற நாளில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. களம் நிறையப் புழுங்கல் நெல் பரப்பியிருந்தது, அதுவும் மிராசுதார் பண்ணை நெல். அதைத் துழாவிவிட வேண்டிய என் மில் ஆட்கள் பயந்துபோய் வேலைக்கு வரவில்லை. துழாவுவது என்றால் எங்கள் பக்கம் காலால்தான். பாதத்தைத் தூக்காமல் நெல்லுக்குள் இழுத்துக்கொண்டே நேர்கோடாக நடக்க வேண்டும். பின்னால் ஏர் ஓட்டினது போலச் சால் விழும், அடி நெல் மேலே வரும். பார்க்க லேசாகத் தெரியும். இழுத்துப் பழகாத காலுக்கு ஒரு நாள்கூடத் தாங்காது.

கொட்டகைக்குள்ளிருந்து பிள்ளைகள் சிரிக்கிற சத்தமும் கைதட்டுகிற சத்தமும் கேட்டது. என்னவென்று எட்டிப் பார்த்தேன். சார் ஒவ்வொருவரையும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொல்லியிருக்கிறார். ஒரு பையன் கறுப்புச் சாயம் அடித்த தகரப் பலகையில் இரண்டு எஞ்சின் வாக்கியங்களுக்குக் கீழே மூன்றாவதாக ஒன்று எழுதிவிட்டு நின்றான். அர்த்தம் என்ன என்று கேட்டேன். "போராடாமல் கூலி உயராது" என்றான். சார் முகம் சுண்டிப்போயிற்று. "இலக்கணம் சரியா இருக்கு தம்பி. ஆனா அத அழிச்சிட்டு வேற எழுதுங்க" என்றார். நான் எஞ்சினுக்குத் திரும்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஆற்றங்கரைச் சாலையில் புழுதி எழும்பியது. கடற்கரையில் வளர்ந்தவனுக்குத் தூரத்தில் எழும்புவதைப் பார்த்து வருவது என்ன என்று சொல்லத் தெரியும். அது நெல் ஏற்றிய வண்டியின் புழுதி இல்லை. பாரம் இல்லாமல் வேகமாக வருகிற டிராக்டரின் புழுதி. டிரெய்லரில் ஆட்கள் நிற்பது தெரிந்தது. தலைக்கு மேல் கம்புகள் தெரிந்தன.

எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தக் கீற்றுக் கூரைதான். வாசல் ஒன்றுதான், உள்ளே பிள்ளைகள் நிறைய. ஓடினேன்.

"கூரைக்குள்ள இருக்காதீங்க. எல்லாரும் வெளியில வாங்க. களத்துல எறங்கித் துழாவுங்க. யாரு கேட்டாலும் மில்லு ஆளுங்க. சார், நீங்களுந்தான்."

பிள்ளைகளுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெண் பிள்ளைகள் பாவாடையை ஏற்றிச் செருகிக்கொண்டு வரிசையாக இறங்கிவிட்டார்கள். சார் சட்டையைக் கழற்றிச் சாக்குக்குள் திணித்தார், என் துண்டை வாங்கித் தலையில் கட்டிக்கொண்டார். கண்ணாடியை நான் பிடுங்கி என் மடியில் செருகினேன். அது இல்லாமல் அவருக்குத் தன் காலே தெரியாது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

தகரப் பலகை ஒன்று அங்கே தொங்குகிறது என்பதும் தோன்றவில்லை. யாருக்குமே தோன்றவில்லை.

டிராக்டர் களத்து ஓரத்தில் நின்றது. முதலில் இறங்கியவர் மிராசுதாரின் காரியக்காரர். பண்ணையை நிர்வாகம் செய்கிறவர், நான் அந்தப் பண்ணையில் கூலிவேலை பார்த்த காலத்தில் என்னை ஏவியவர். அவர் ஆட்கள் சுற்றி நின்றார்கள். ஆனால் ஒருவரும் களத்தில் கால் வைக்கவில்லை. நெல் கிடக்கிற களத்தில் செருப்புக் காலோடு நடப்பது எங்கள் பக்கம் கொலைகாரன்கூடச் செய்யாத காரியம். காரியக்காரர் குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வெறுங்காலில் நெல் குத்தியதும் முகத்தைச் சுளித்தபடி என்னிடம் வந்தார்.

"என்ன மொதலாளி, களத்துல கூட்டம் பெருசா இருக்கு?"

முதலாளி என்று அவர் சொல்லும்போது பல்லில் மண் கடிபடுகிற மாதிரி இருக்கும்.

"நெல்லு கிடக்குதுங்க. காயலேன்னா வீணாப்போயிடும்."

"ஊரே வேலைக்குப் போவாம குந்தியிருக்கு. ஒனக்கு மட்டும் ஆளு எங்கேருந்து மொளச்சுது?"

"வயலுக்குத்தாங்க போக மாட்டேங்கறாங்க. மில்லுக்கு வர்றதுக்கு யாரும் தடை சொல்லலீங்க. அதுவும் உங்க பண்ணை நெல்லு. நீங்களே பாருங்க, பாதிதான் துழாவியிருக்கு."

உங்கள் நெல் என்றதும் அவர் பார்வை தரைக்குப் போனது. "இங்க சங்கத்துப் பயலுவ தெனம் கூடுறானுவளாம். கும்பலா என்னமோ கத்தறானுவளாம். எனக்குத் தகவல் வந்துருக்கு" என்று சொல்லிக்கொண்டே வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிள்ளைகள் தலையைத் தூக்கவில்லை. பாதங்கள் சரசரவென்று நெல்லுக்குள் போய்வருகிற சத்தம் மட்டும்தான். பார்த்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார்.

"யாருய்யா அந்தப் பெரியவரு? நெருப்பு மிதிக்கிற மாதிரி கால எடுத்து எடுத்து வைக்கிறாரு?"

சார்தான். காலை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து, பக்கத்தில் ஒரு பெண் போட்ட சால்களையெல்லாம் குறுக்கே மிதித்து அழித்துக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. கம்போடு நின்ற ஆட்களில் இரண்டு பேர் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

அந்தப் பெண்தான் பேசினாள். வகுப்பில் சார் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நின்று தரையைப் பார்த்து முணுமுணுக்கிற பெண். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரை நோக்கித் திரும்பினாள்.

"யோவ், எத்தன தடவ சொல்றது ஒனக்கு? கால தூக்காத, இழு. பின்னாடி திரும்பிப் பாரு, நான் போட்டதெல்லாம் அழிச்சிக்கிட்டு வர்ற. கஞ்சின்னா மட்டும் மொத ஆளா குந்தத் தெரியுது, காலு இழுக்கத் தெரியல. காலையிலேருந்து இந்த ஆளோட மாரடிக்கிறேன். மொதலாளி, நாளைக்கு இவர எரு பொறுக்க அனுப்பிடுங்க, சொல்லிட்டேன்."

சார் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க தாயி, சரிங்க" என்றார். நடிக்கவில்லை, நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

காரியக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த ஆளுக்கு நீ கூலி வேற குடுக்குறியா?"

"தூரத்து ஒறவுங்க. வச்சுக்கிட்டு அவஸ்தப்படறேன்" என்றேன்.

போய்விடுவார் என்று நினைத்தேன். நாலு எட்டு திரும்பி நடந்தவர், கொட்டகைப் பக்கம் பார்த்தார். அங்கே பாய்கள் விரித்தபடி கிடந்தன. அதற்கு மேலே தகரப் பலகை தொங்கியது.

"அது என்னா பலகை?"

பலகையில் வெள்ளையாக மூன்று வரி இருந்தது. மேல் இரண்டும் எஞ்சின் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது எது? அந்தப் பையன் அழித்துவிட்டு வேறு எழுதினானா, இல்லை பழைய வரியே நிற்கிறதா? பார்க்கிறேன், பார்க்கிறேன், மூன்று வரியும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகிறது. என் மில்லில் எஞ்சின் சத்தம் ஒரு மயிரளவு மாறினால் தூக்கத்திலிருந்து எழுந்திருப்பேன். என் கொட்டகையில் தொங்குகிற பலகையில் இந்தப் பிள்ளைகளின் உயிர் எழுதியிருக்கிறதா இல்லையா என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. பெரிய அலை எழும்பி நிற்கிற நேரத்தில் படகுக்குள் பேச்சு இருக்காது. களத்தில் அப்படி ஒரு அமைதி. கால்கள்கூட நின்றுவிட்டன.

"எஞ்சின் விஷயங்க" என்றேன். "கம்பெனி ஆளு வந்து எழுதிப் போட்டுட்டுப் போனாரு. நாளைக்கு எதுனா கெட்டா, எழுதிப் போட்டும் நீ கேக்கலேன்னு சொல்லிடுவாரு பாருங்க."

"ஒனக்கு இங்கிலீஷ் எழுத்துன்னா ஆத்துல போற வைக்கோலு. நீ சொல்லி நான் நம்பணும்?" காரியக்காரர் திரும்பித் தன் ஆட்களில் ஒருவனைக் கூப்பிட்டார். "டேய், நீ எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் போனவன்தானே? வந்து படி."

ஒரு இளைஞன் வந்தான். மீசை அப்போதுதான் கறுத்திருந்தது. அறுப்புக்கு வந்த வெளியூர் ஆட்களோடு வந்தவன் போலிருந்தது. கையிலிருந்த கம்பைக் கொட்டகைக் காலில் சாய்த்துவிட்டு, பலகைக்கு நேராக நின்று, முதல் வரியில் விரலை வைத்தான்.

"பிஃபோர்... ஸ்டார்ட்டிங்... தி எஞ்சின்... எஞ்சின் கெளப்பறதுக்கு முன்னாடி எண்ணெய் பாக்கணுமாம்."

விரல் இறங்கியது. "ஆஃப்டர்... ஸ்டாப்பிங்... நிறுத்தினப்புறம் வால்வ மூடணுமாம்."

விரல் மூன்றாவது வரிக்கு வந்தது. "வித்தவுட்..." என்றான். நின்றுவிட்டான்.

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பயத்தில் அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் நெல் துழாவிப் பழகிய கால்தான், குதிகால் வெடித்திருந்தது. அந்தக் கால் ஒரு தடவை கொஞ்சம் அசைந்தது.

"என்னடா, தெரியலையா?" என்றார் காரியக்காரர்.

"தெரியுதுங்க. தண்ணி ஊத்தாம எஞ்சின ஓட்டக் கூடாதாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க. மூணும் எஞ்சின்தான்."

காரியக்காரர் களத்து ஓரம் போய் ஒற்றைக் காலில் நின்று, பாதத்தில் ஒட்டியிருந்த நெல்லைத் தட்டிவிட்டுச் செருப்பை மாட்டினார். "இருட்டினதுக்கு மேல இங்க ஒருத்தரும் நிக்கக் கூடாது" என்றார். அந்த இளைஞன் கம்பை எடுத்துக்கொண்டு கடைசியாக ஏறினான். எங்களில் யாரையும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

டிராக்டர் சத்தம் ஓய்ந்ததும் பிள்ளைகள் களத்தை விட்டு ஏறினார்கள். அந்த வாக்கியத்தை எழுதிய பையன் மட்டும் களத்து மூலையில் துழாவிக்கொண்டே இருந்தான். போவான், திரும்புவான், போவான். நான் போய்த் தோளைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. சாரைத் திட்டிய பெண் கொட்டகைக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மன்னிச்சிடுங்க சார், மன்னிச்சிடுங்க" என்பதைத் தவிர வேறு சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. சாருக்குப் பாதம் முழுக்கச் சிராய்ப்பு. "நல்லாத்தான் சொன்னீங்கம்மா, நான்தான் கால தூக்கிட்டேன்" என்றார்.

மடியிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தார். அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சார்? அந்தப் புள்ள வேற எழுதினானா, இல்லையா?"

"எழுதலீங்க. அழிக்கவே இல்ல. பழசுதான் நிக்குது."

"அப்ப அந்த ஆளுக்குப் படிக்கத் தெரியலையா?"

சார் மறுபடி மூன்றாவது வரியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "வித்தவுட்டுக்கு அந்தத் தம்பி சரியாத்தான் அர்த்தம் சொன்னாருங்க. 'ஊத்தாம'ன்னு. மிச்சத்த மட்டும் மாத்திட்டாரு. தெரியாதவரால அப்படி மாத்த முடியாது."

அதற்குப் பிறகும் வகுப்பை நான் நிறுத்தவில்லை. கீற்றுக் கொட்டகையைப் பிரித்துப் போட்டுவிட்டு, எஞ்சின் ரூமுக்குள் உட்கார வைத்தேன். எஞ்சின் ஓடுகிற சத்தத்தில் அவர்கள் கோரஸ் வெளியே கேட்காது. பரீட்சையில் பாதிப் பேருக்கு மேல் தேறினார்கள். திட்டிய பெண் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றார். எழுதிய பையன் மின்சார வாரியத்தில் அதிகாரி ஆனான்.

அந்த இளைஞனைத் தேடினேன். பூதலூர்ப் பக்கத்து ஆள் என்று யாரோ சொல்லி, ரயிலேறிப் போய் ஸ்டேஷன் வாசல் டீக்கடையிலெல்லாம் விசாரித்தேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை போய் அறுப்புக்கு வந்தவர்கள் அந்தப் பக்கம் எத்தனையோ பேர் இருந்தார்கள். பெயர் தெரியாமல் யாரைக் கேட்பது? இன்றைக்கும் சாலையில் ஒரு டிராக்டர் வேகத்தைக் குறைத்தால் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்க்கிறேன். கூடவே அந்த வெடித்த குதிகாலும் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. ஒரு வரியை மாற்றிச் சொன்னது தெரிந்திருந்தால் அன்றைக்கு முதல் அடி அவனுக்குத்தான் விழுந்திருக்கும். எதற்காகச் செய்தான் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

போன வருஷம் பழைய மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து அந்தக் காலனியில் ஒரு படிப்பகம் கட்டி, வாசலில் கல் பதித்தார்கள். சாரின் பெயரைப் பெரிதாக வெட்டியிருக்கிறார்கள். வெட்ட வேண்டியதுதான், நானும் கும்பிட்டேன். நன்கொடை கொடுத்தவர்கள் பெயரெல்லாம் இருக்கிறது. என் பெயர் இல்லை. களம் என்னுடையது, கொட்டகை என்னுடையது, எஞ்சின் வாக்கியம் என்னுடைய யோசனை, கூரையை விட்டு வெளியே வாருங்கள் என்று கத்தியது என் தொண்டை. படிப்பகத்துக்காரர்களே, இந்தப் பத்திரிகை உங்கள் மேசைக்கு வரும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நான் போய்ப் பார்த்தேன், கல்லில் கீழே இடம் இருக்கிறது. என் பெயரை அங்கே வெட்டுங்கள். ஆனால் எனக்கு மேலே ஒரு வரிக்கு இடம் விட்டு வெட்டுங்கள். பலகையை மாற்றிப் படித்த அந்த இளைஞனின் பெயர் என்றைக்காவது தெரிந்தால், அவன் எனக்குக் கீழே நிற்கக் கூடாது.